எம்.பி.ஏ. வகுப்பில் நான் படித்த பாடம்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 2007-ஆம் ஆண்டு இந்தக் கல்லூரியில் சேர்ந்து, 2011-ல் மெக்கானிக்கல் பிரிவில் பட்டம் பெற்று வெளியே போனவன். போன மாதம் நம் செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, நீ இன்ஜினீயர், எம்.பி.ஏ.யும் படிச்சிருக்கே. பசங்க எல்லாரும் அடுத்து எம்.பி.ஏ. பண்ணலாமான்னு கேக்கறாங்க. வந்து பத்து நிமிஷம் பேசிட்டுப் போ" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டு விட்டேன். பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடினால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலில், நான் எதற்காக எம்.பி.ஏ. சேர்ந்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லி விடுகிறேன். அறிவு தேடி அல்ல. கோவையில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையில் அசெம்பிளி பிரிவில் நான்கு வருடம் வேலை பார்த்திருந்தேன். காலையில் எட்டு மணிக்கு உள்ளே போனால், சாயங்காலம் சட்டையெல்லாம் ஆயில் வாசனையோடு வெளியே வருவேன். ஒரு நாள் எங்கள் பிரிவுக்கு மேலே உதவி மேலாளராக ஒருவர் வந்தார். என்னை விட இரண்டு வயது சின்னவர். எம்.பி.ஏ. படித்தவர். அவருக்குக் கண்ணாடி அறை, ஏ.சி. அன்றைக்கு முடிவு பண்ணினேன், நாமும் அந்தப் படிப்பைப் படித்தே தீருவது என்று. இங்கே இருக்கும் தம்பிகளில் பாதிப் பேருக்கு இதே காரணம்தான் இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வேலையை விட முடியாத குடும்ப நிலை. அதனால் பல்கலைக்கழகத்தின் மாலை நேர எம்.பி.ஏ.வில் 2015-ல் சேர்ந்தேன். மூன்று வருடம், ஆறு செமஸ்டர். திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஆறரையிலிருந்து ஒன்பது மணி வரை வகுப்பு. ஐந்து மணிக்கு ஷிப்டு முடிந்ததும் முகம் கழுவி, பைக்கை எடுத்து, வழியில் ஒரு டீயும் போண்டாவும் முடித்துக்கொண்டு ஓடினால்தான் அட்டெண்டன்ஸ் கிடைக்கும். இரவு பத்தரைக்கு வீட்டுக்குப் போனால் அம்மா தூங்கிக்கொண்டே தோசை ஊற்றுவார்கள்.

வகுப்பில் 42 பேர். நம் கல்லூரியில் எல்லாருக்கும் பதினெட்டு வயது, எல்லாருக்கும் ஒரே பிளஸ் டூ மார்க். அங்கே அப்படி இல்லை. வங்கி குமாஸ்தா இருந்தார், மருத்துவமனை நிர்வாக அதிகாரி இருந்தார், நூற்பாலை ஸ்பின்னிங் மாஸ்டர், மருந்துக் கம்பெனி பிரதிநிதிகள், பள்ளிக்கூடம் நடத்தும் ஓர் அம்மா எல்லாரும் இருந்தார்கள். கணபதியில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருந்த ஒருவரும் இருந்தார். அப்போதே அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. தொலைதூரக் கல்வியில் பி.காம். முடித்து விட்டு வந்தவர். வகுப்பு முழுக்க அவரை "அண்ணா" என்றுதான் கூப்பிடுவோம். பேராசிரியர்களில் சிலரே அவரை விடச் சின்னவர்கள். அவர்களும் பழக்கத்தில் "அண்ணா" என்று சொல்லி விட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். இன்றைக்கு நான் பேசப் போவது பெரும்பாலும் அவரைப் பற்றித்தான்.

நம்மைப் போன்ற பொறியியல் படித்தவர்களுக்கு எம்.பி.ஏ. வகுப்பில் முதலில் ஒரு குழப்பம் வரும். நம் புத்தகத்தில் கணக்குக்கு விடை பின்பக்கத்தில் இருக்கும். பீம் எவ்வளவு வளையும் என்று கேட்டால் ஒரு எண்தான் பதில். அங்கே "கேஸ்" என்று இருபது பக்கம் கொடுப்பார்கள். ஒரு கம்பெனி, அதற்கு ஒரு சிக்கல், மேலாளர் என்ன முடிவெடுக்க வேண்டும் என்ற இடத்தில் கதை நின்று விடும். விடை இருக்காது. இந்த முறையை வளர்த்தது அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளி. அந்தப் பள்ளி 1908-ல் தொடங்கியது. நம் நாட்டில் நிர்வாகப் படிப்புக்கென்று கல்கத்தாவில் 1953-லேயே ஒரு நிறுவனம் வந்து விட்டது. 1961-ல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐ.ஐ.எம்.கள் தொடங்கின. அகமதாபாத் ஐ.ஐ.எம். தொடங்கிய காலத்திலேயே ஹார்வர்டின் உதவியோடு கேஸ் முறையைக் கொண்டு வந்தது. அங்கிருந்து அது மெதுவாக நம்மூர் மாலை வகுப்பு வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

எனக்கு அது ஆரம்பத்தில் எரிச்சலாகவே இருந்தது. "சரியான விடை எது சார்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அண்ணா மட்டும் சிரிப்பார். "தம்பி, நமக்குத் தினமும் இதானுங்க. விடை தெரிஞ்சா பட்டறையை ஏனுங்க ராத்திரி எட்டு மணி வரைக்கும் திறந்து வைக்கிறேன்?" என்பார்.

மூன்றாவது செமஸ்டர் நடந்தபோது, 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு, 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. மறு வாரம் பொருளாதார வகுப்பில் பணப் புழக்கம், கறுப்புப் பணம் என்று விவாதம் சூடு பறந்தது. ஆளுக்கொரு கட்சி. அண்ணா கை தூக்கினார். "சார், எனக்கு ஆறு ஆளுங்க. வாரக்கூலி ஆளுக்கு மூவாயிரம். பேங்க்ல ரெண்டாயிரம் ரூபாய் நோட்டுத்தான் தர்றாங்க. மூவாயிரத்தை எப்படீங்க குடுக்கறது?" என்றார். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. இரண்டு பேருக்குச் சேர்த்து மூன்று நோட்டைக் கொடுத்து, மளிகைக் கடையில் பிரித்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பியதாக அவரே பிறகு சொன்னார். பணப் புழக்கம் என்ற பாடத்தில் எனக்கு இன்றைக்கும் நினைவிருப்பது அந்த மூன்று நோட்டுத்தான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

2017 அக்டோபரில், ஐந்தாவது செமஸ்டரில், நிதி நிர்வாகப் பாடத்தில் ஆளுக்கொரு பிராஜக்ட் வகுப்பில் சமர்ப்பிக்க வேண்டும். நான் எங்கள் கம்பெனியையே எடுத்துக்கொண்டேன். நடைமுறை மூலதனம் என்று ஒரு பாடம் உண்டு. சரக்கு எத்தனை நாள் கிடங்கில் கிடக்கிறது, விற்ற பணம் எத்தனை நாளில் வருகிறது, வாங்கிய பொருளுக்கு எத்தனை நாள் கழித்துப் பணம் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். முதல் இரண்டையும் கூட்டி, மூன்றாவதைக் கழித்தால், எத்தனை நாளுக்கு நம் கைப்பணம் முடங்கிக் கிடக்கிறது என்று தெரிந்து விடும். முதல் இரண்டைக் குறைப்பது கஷ்டம். மூன்றாவதைக் கூட்டுவது சுலபம், ஒரு கடிதம் போட்டால் போதும்.

என் கணக்கு இதுதான். கம்பெனி வருடத்துக்கு 12 கோடி ரூபாய்க்கு வெளியிலிருந்து பொருள் வாங்குகிறது. பில்லுக்கு 60 நாளில் பணம் தருகிறது. இதை 90 நாளாக்கினால் 30 நாள் பணம், அதாவது சுமார் 99 லட்சம் ரூபாய், எப்போதும் நம் கையிலேயே இருக்கும். வங்கிக்கு 11 சதவீதம் வட்டி கட்டுகிறோம். அப்படியானால் வருடத்துக்கு ஏறக்குறைய 11 லட்சம் ரூபாய் மிச்சம். ஒரு மெஷின் வாங்க வேண்டாம், ஒரு ஆள் போட வேண்டாம். கலர் கலராகப் படம் போட்டுக் காட்டினேன். வகுப்பு கை தட்டியது. ஆசிரியர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், "குட்" என்றார். எனக்கு அந்தக் கண்ணாடி அறை கண்ணுக்குத் தெரிந்தது.

கேள்வி நேரத்தில் அண்ணா எழுந்தார். கோபமாக இல்லை, மெதுவாகவே கேட்டார். "தம்பி, கணக்கு சரியாத்தானுங்க இருக்குது. அந்த 99 லட்சம் இப்ப யார்கிட்ட இருக்குதுங்க?"

"சப்ளையர்கிட்ட" என்றேன்.

"அவர் அதை எங்கிருந்துங்க கொண்டாருவார்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "அது இந்தப் பிராஜக்டின் எல்லைக்குள் வராது" என்று சொல்லி விட்டேன். எம்.பி.ஏ.வில் நாங்கள் கற்றுக்கொண்ட நல்ல வாக்கியங்களில் அதுவும் ஒன்று. ஆனால் ஆசிரியர் விடவில்லை. "கணக்குக்கு மார்க் போட்டாச்சு. அவர் கேட்டதுக்கு அடுத்த வாரம் பதில் கொண்டு வாப்பா" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணபதிக்குப் போனேன். அண்ணாவின் பட்டறை ஒரு சந்துக்குள், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இடம். இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், ஒரு டிரில்லிங் மெஷின். ஷாப்டு கடைசல் வேலை. அவர் நேரடியாக எங்கள் கம்பெனிக்குச் செய்யவில்லை. எங்களுக்கு ஷாப்டு கொடுக்கும் ஒரு நடுத்தர யூனிட்டுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுப்பவர். அதுவே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். மாதம் மூன்று லட்சம் ரூபாய்க்குப் பில் போடுகிறார். சனிக்கிழமை தவறாமல் கூலி கொடுக்க வேண்டும், மின்சார பில், வாடகை, டூல் செலவு. பணம் வருவது இரண்டு மாதம் கழித்து. அந்த வருடம் ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்திருந்தது. பணம் கைக்கு வராவிட்டாலும், போட்ட பில்லுக்கு வரியைக் கட்டியாக வேண்டும். வங்கியில் ஓ.டி. கேட்டால் சொத்துப் பத்திரம் கேட்கிறார்கள். பட்டறை இடமே வாடகை. அதனால் வெளியில் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்குகிறார். இரண்டு ரூபாய் வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு, வருடத்துக்கு 24.

"இன்னும் முப்பது நாள் தள்ளிப் போட்டீங்கன்னா, மேல இருக்கறவரு எனக்கும் முப்பது நாள் தள்ளுவாருங்க. நான் யாருக்குத் தள்ளறது? என் ஆளுங்களுக்கா?" என்று கேட்டார். மூன்று லட்சத்துக்கு மாதம் ஆறாயிரம் ரூபாய் கூடுதல் வட்டி. அவருடைய ஒரு ஆளின் சம்பளத்தில் அது பாதி.

இரவு உட்கார்ந்து கணக்கை மறுபடி போட்டேன். சப்ளையர்களில் பாதிப் பேர் வங்கியில் 12 சதவீதத்துக்கும், பாதிப் பேர் வெளியில் 24 சதவீதத்துக்கும் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 18. அதே 99 லட்சத்துக்கு அவர்கள் எல்லாரும் சேர்ந்து கட்டும் வட்டி வருடத்துக்கு சுமார் 18 லட்சம். நாங்கள் மிச்சம் பிடிப்பது 11 லட்சம். ஆக, ஒரு பம்பு செய்யும் வேலையில் ஈடுபட்ட எல்லாருடைய பணத்தையும் ஒன்றாகப் பார்த்தால், என் யோசனையால் வருடத்துக்கு ஏழு லட்சம் நஷ்டம். மலிவாகக் கடன் கிடைப்பவன் தன் சுமையைத் தூக்கி, அதிக வட்டிக்குக் கடன் வாங்குபவன் தலையில் வைக்கிறான். இது புத்திசாலித்தனம் இல்லை என்பதற்கு தர்ம நியாயம் பேச வேண்டாம், கூட்டல் கழித்தலே போதும்.

இதில் எனக்குப் பெரிய வெட்கம் வேறொன்று. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ வேலையோ வாங்கினால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதக் கூட்டு வட்டி தர வேண்டும். இந்தச் சட்டத்தை நான் இரண்டாவது செமஸ்டரில் இரண்டு மார்க் கேள்விக்குப் படித்து, எழுதி, மார்க்கும் வாங்கியிருக்கிறேன். 90 நாள் யோசனையைப் போட்டபோது அது ஞாபகத்துக்கே வரவில்லை. அண்ணாவிடம் கேட்டேன், சட்டப்படி புகார் கொடுக்கலாமே என்று. "குடுக்கலாமுங்க. அடுத்த மாசம் வேலை யாருங்க குடுப்பா?" என்றார்.

அடுத்த வாரம் வகுப்பில் இந்த இரண்டாவது கணக்கையும் வைத்தேன். பிராஜக்ட் அறிக்கையில் தனி அத்தியாயமாகவே சேர்த்தேன். ஒரு பிரதியைக் கம்பெனிக்கும் கொடுத்தேன். நிர்வாகம் முதல் பாதியைப் படித்தது. 2018 ஏப்ரலிலிருந்து 90 நாள் என்று எல்லா சப்ளையருக்கும் கடிதம் போனது. என் பிராஜக்டில் போட்டிருந்த அட்டவணையே அந்த முடிவுக்கு ஆதாரம். என்னைக் கூப்பிட்டுப் பாராட்டவும் செய்தார்கள். இரண்டாவது பாதி என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இந்த மேடையில் அதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வருடம் எனக்குப் பட்டம் கிடைத்தது. அண்ணா எல்லாப் பேப்பரிலும் பாஸ் பண்ணியிருந்தார். பிராஜக்டையும் அதன் வாய்மொழித் தேர்வையும் மட்டும் முடிக்கவில்லை. 2019-ல் ஒரு லேத்தை விற்றார். ஆறு ஆள் இரண்டு ஆளானார்கள். நான் போய்ப் பார்த்தேன். "என்னாலதானே அண்ணா?" என்று கேட்டேன். "பாதி அதுங்க. பாதி ஜி.எஸ்.டி., மிச்சம் என் வயசு" என்று கணக்குப் போட்டுச் சொன்னார். பாதியும் பாதியும் சேர்ந்த பிறகு மிச்சம் ஏது என்று நான் கேட்கவில்லை. அவர் என் மனம் நோகாமல் சொன்ன கணக்கு அது.

கம்பெனிக்கு என்ன ஆயிற்று என்றும் சொல்ல வேண்டும். ஷாப்டு ரிஜக்ஷன் கூடியது. சப்ளையர் மலிவான கம்பி வாங்க ஆரம்பித்திருந்தார். இரண்டு நல்ல சப்ளையர்கள் எங்களை விட்டுப் போனார்கள். மற்றவர்கள் விலையில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். நான் காட்டிய 11 லட்சம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் முழுசாக வந்து சேரவில்லை.

2021-ல் என்னை பர்சேஸ் பிரிவுக்கு மாற்றினார்கள். முதல் வேலையாக அந்தப் பழைய இரண்டாவது அத்தியாயத்தைத் தூசு தட்டி எடுத்தேன். சிறு பட்டறைகளுக்கு 45 நாள் என்று எழுதி வைத்தேன். ஒரு வருடம் "பார்க்கலாம்", இன்னொரு வருடம் "பார்க்கலாம்". பிறகு 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. குறு, சிறு நிறுவனத்துக்குச் சட்டப்படியான கெடுவுக்குள் பணம் தராவிட்டால், உண்மையில் பணம் கொடுக்கும் வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும்; அதுவரை வரி கட்ட வேண்டும். 2023-24 நிதியாண்டின் கணக்கிலிருந்தே அது அமலானது. அந்த ஒரே வருடத்தில் எங்கள் கம்பெனியில் 45 நாள் நடைமுறைக்கு வந்து விட்டது. என் பேச்சு மூன்று வருடமாகச் செய்யாததை வருமான வரி செய்து முடித்தது. இதிலும் ஒரு நிர்வாகப் பாடம் இருக்கிறது, சிரிக்காதீர்கள்.

அண்ணா இன்றைக்கும் பட்டறை நடத்துகிறார். மூன்று ஆள். மகள் பி.காம். படிக்கிறாள், அப்பாவின் நோட்டை இப்போது அவள்தான் எழுதுகிறாள். விட்ட பிராஜக்டை முடித்துப் பட்டம் வாங்குங்கள் என்று நான் சொல்லும்போதெல்லாம், "உங்களுக்குக் கிடைச்சிருச்சில்லீங்க தம்பி, அது போதும்" என்கிறார். அவர் கேலியாகச் சொல்கிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இறுதியாண்டுத் தம்பி தங்கைகளுக்கு, செயலாளர் அண்ணன் கேட்டுக்கொண்டபடி என் யோசனைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

எம்.பி.ஏ. படிக்கலாமா என்றால், தாராளமாகப் படியுங்கள். ஆனால் முடிந்தால் இரண்டு மூன்று வருடம் எங்காவது வேலை பார்த்து விட்டுப் போங்கள். பார்த்த வேலை மனதில் இருந்தால்தான் அங்கே சொல்வது உங்களுக்கு உறைக்கும். இல்லையென்றால் எல்லாமே இரண்டு மார்க் கேள்வியாகப் போய்விடும். வகுப்பில் உங்களைப் போன்ற ஆள் பக்கத்தில் உட்காராதீர்கள். வேறு வேலை பார்ப்பவர், வயதில் மூத்தவர், சொந்தப் பணத்தைப் போட்டுத் தொழில் செய்பவர், இவர்களில் ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். பாடப் புத்தகத்தை வீட்டிலும் படிக்கலாம், அந்த மனிதர் அங்கேதான் கிடைப்பார். கணக்கில் லாபம் என்று வந்தால், அதே தொகை யாருடைய நோட்டில் நஷ்டமாக எழுதப்படுகிறது என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இங்கே முன் வரிசையில் இருக்கும் அண்ணன்மார்களில் பலர் கம்பெனி முதலாளிகள், பொது மேலாளர்கள், செக்கில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருப்பவர்கள். சின்னவன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நாளை திங்கட்கிழமை அலுவலகம் போனதும், கொடுக்க வேண்டிய பாக்கிப் பட்டியலை ஒரு முறை வாங்கிப் பாருங்கள். அதில் சிறு பட்டறைகளின் பில் 45 நாளைத் தாண்டி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், இந்த வாரமே கொடுத்து விடுங்கள். சனிக்கிழமை அங்கே கூலி நாள்.



— பி.இ. (மெக்கானிக்கல்), 2007–2011 அணி